முருங்கைச் சக்கை

ஈஸ்டர் முடிந்த வாரம் கரோலினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிரேக், புனேக்குப் பக்கத்தில் சாகணில் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினியர். தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் கவுனால் வந்தது.

அந்த வெள்ளை கவுன் அக்கா ஈனிட்டுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்துக்கு, புனே கேம்ப் பகுதியில் ஒரு கோவாக்காரத் தையல்காரர் தைத்துக் கொடுத்தது. அம்மா செல்வமேரி அதை நீலக் காகிதத்தில் சுற்றி, அந்துருண்டை போட்டு, வானவடி வீட்டு இரும்பு பீரோவில் கண்ணைப் போலக் காத்து வந்தாள். தங்கையும் அதையே உடுத்துவாள் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அந்த வீட்டில் சில விஷயங்கள் பேசாமலே முடிவாகிவிடும்.

ஈனிட் ஊசி மாதிரி இருப்பாள். கரோலின் அப்படியில்லை, பூசினாற்போல உடம்பு. நவம்பரில் நிச்சயம் முடிந்த மறுநாள் போட்டுப் பார்த்தபோது ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது. செல்வமேரி மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஈனிட்டுக்கு எவ்ளோ லேசா ஏறிச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். துபாயிலிருந்து ஈனிட் போனில், தையலைப் பிரித்துப் பெரிசாக்கி வைக்காதீர்கள், துணி நைந்துபோகும் என்றாள். ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ரிட்டையரான அப்பா இன்பநாதன் பேப்பரை இறக்காமலே சிரித்தார். ஒரு பெண்பிள்ளை சோற்றை வெறுக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

டிசம்பரில் ஆரம்பித்தாள். ஹடப்சரில் அவள் வேலை பார்த்த ஆபீஸில் தீப்தி என்றொரு சிநேகிதி. அவள் எங்கிருந்தோ ஒரு வைத்தியம் கொண்டு வந்தாள். முட்டைக்கோஸ் சூப் குடித்தால் உடம்பு ஒரே வாரத்தில் உருகிவிடுமாம். ஒரு வாரத்துக்கென்று சொன்னதை நம்ம பெண் மாதக்கணக்கில் இழுத்தாள். காலையில் சர்க்கரை இல்லாத டீ, மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் ஆபீஸ் கேன்டீனில் சொல்லி வைத்துச் சூப். வீட்டுக்கு வந்ததும், ஆபீஸிலேயே சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். காலையில் அம்மா கட்டிக் கொடுத்த டப்பா தீப்தி கூட்டத்துக்குப் போகும். முருங்கைக்காய் சாம்பார் வந்த நாளில் அந்த மராட்டிப் பெண்கள் ஆளாளுக்குப் பிடுங்கிக்கொள்வார்கள். டப்பா காலியாக வீடு திரும்பும். பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்?

பிப்ரவரியில் ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டினாள். துண்டோடு வந்தது முடி. கொஞ்சநஞ்சமில்லை, ஒரு கைப்பிடி. அடக் கடவுளே என்று உட்கார்ந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் அவளுடையது. உடம்பைக் குறை சொன்னவர்கள்கூட முடியைப் பற்றி வாய் திறந்ததில்லை. பெண் பார்க்க வந்தபோது கிரேக்கின் அம்மா பின்னலைக் கையிலெடுத்து, இதுக்கே ஒரு தனி சீர் செய்யணும்டி என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தப் பின்னல்தான் இப்போது சீப்பில், தலையணையில், சாம்பார்க் கிண்ணத்தில்கூட வந்து கிடந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி முன் நிற்பாள், வகிட்டை விரித்துப் பார்ப்பாள், போவாள், திரும்ப வருவாள். முதலில் தண்ணீரைத் திட்டினாள். டேங்கர் தண்ணீர், உப்பு. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சித் தலைக்கு ஊற்றினாள். நிற்கவில்லை. ஸ்கூட்டி ஓட்டும்போது தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டும் ஸ்கார்ஃபின் மேல் பழி போட்டாள். புனேயில் எந்தப் பெண்தான் கட்டவில்லை? ஷாம்பூவை மாற்றினாள். வெங்காயச் சாறு தேய்த்து ஆபீஸ் முழுக்க மணந்தாள். தலையில் முட்டை பூசிக் காயவிட்டாள். வாய்க்குள் போகவேண்டிய முட்டை தலைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது, அதைக் கேட்க ஆளில்லை. தீப்தி சொன்ன மாத்திரையும் விழுங்கினாள். சோறு ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்தாள்.

பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜாலியில் அடைத்துக்கொள்ளும் முடியை மற்றவர்கள் பார்க்கும் முன்னால் விரலால் சுருட்டி எடுத்துக் காகிதத்தில் பொதிந்து எறிவது தினசரி வேலையாயிற்று. அப்படிச் சுருட்டும்போது கறுப்போடு நாலைந்து நரைமுடியும் வரும். கொட்டுவது போதாதென்று நரைக்கவும் ஆரம்பித்துவிட்டதா? மறுபடி கண்ணாடிக்கு ஓடுவாள். தலையில் எவ்வளவு தேடியும் ஒரு நரை அகப்படாது. அதுவும் ஒரு பயமாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில் சாம்பல் புதன் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியது. கரோலினுக்கு நல்லதாகப் போயிற்று. ஒருசந்தி பிடிக்கிறேன், ஒருவேளைதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? கத்தோலிக்க வீட்டில் தபசு நாளில் பட்டினி கிடக்கிறவளைச் சாப்பிடு என்று வற்புறுத்துவது பாவம் மாதிரி. ஜெபக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு ஜோசபின், இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று செல்வமேரியிடம் வியந்தாள். செல்வமேரி தலையைக் குனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அடக்கம் என்று ஜோசபின் நினைத்துக்கொண்டாள்.

கிரேக் ஞாயிறுதோறும் பைக்கில் வருவான். கரோலின் வீட்டுக்குள்ளும் ஸ்கார்ஃபை அவிழ்க்காமல், ஜலதோஷம் என்று சொன்னாள். மூன்று ஞாயிறு ஜலதோஷம். நாலாவது ஞாயிறு அவன், "டாக்டர்ட்ட போலாமா?" என்றான். அவள் எரிந்து விழுந்தாள். அவன் டீயைக் குடித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். போனபிறகு அறைக்குள் போய் அழுதாள்.

மார்ச் கடைசியில் கவுனை மறுபடி எடுத்தார்கள். ஜிப் சர்ரென்று கழுத்துவரை ஏறியது. அந்த ஒரு நிமிஷம் கரோலின் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், இல்லையென்று சொல்லக் கூடாது. பிறகு செல்வமேரி முக்காட்டை எடுத்தாள். நீளமான வலைத் துணி, உச்சியில் ஒரு சிறு சீப்பு தைத்திருக்கும். கொண்டைக்கு மேல் அந்தச் சீப்பைச் செருகினால் முக்காடு நிற்கும். செருகினாள். வழுக்கி விழுந்தது. மறுபடி செருகினாள். மறுபடி விழுந்தது. சீப்பின் பல்லுக்குப் பிடிமானமாக அங்கே முடி இருந்தால்தானே. கீழே குனிந்து முக்காட்டை எடுத்த செல்வமேரி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றாள். அவள் குரலில் கேள்வியே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கேம்ப்பில் தோல், முடி பார்க்கும் ஒரு மராட்டி லேடி டாக்டர். கரோலினின் முடியைக் கொத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்தாள். விரலோடு வந்ததை மேஜைமேல் வைத்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று இந்தியில் கேட்டாள். கரோலின் தபசு என்றாள், விரதம் என்றாள், ஒரு மாதமாக என்றாள்.

டாக்டர் தலையசைத்தாள். அப்படியென்றால் முடி இதற்குள் கொட்டாது என்றாள். முடி அவசரப்படாது, பட்டினி கிடந்தால் அன்றைக்கே விழாது. வேரில் விட்டுப்போனது விழுவதற்கு இரண்டு மூன்று மாதமாகும். இன்றைக்குக் கொட்டுகிற முடி டிசம்பர், ஜனவரியில் நடந்ததற்குச் சாட்சி. அப்போது என்ன நடந்தது? டைபாய்டா, ஆபரேஷனா, பட்டினியா?

கரோலின் மேஜையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் அம்மா. கல்யாண டென்ஷன் என்று ஏதோ முனகினாள்.

அப்போது செல்வமேரி, மடியில் வைத்திருந்த கைப்பையைப் பார்த்தபடி, தன் அரைகுறை இந்தியில் சொன்னாள். "டிசம்பர் ஸே கானா பந்த் ஹை, டாக்டர் ஜி."

டிசம்பரிலிருந்து சாப்பாடு நின்றுபோயிற்று என்று. கரோலின் திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. ரத்தத்தில் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்க எழுதிக் கொடுத்தாள். பருப்பு, முட்டை, மீன், கீரை, வயிறு நிறைய, இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றாள். உடம்பு குறைய வேண்டுமென்றால் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் குறைக்கலாம், பட்டினி வேண்டாம். முடி திரும்ப வரும், பயப்படாதே, ஆனால் கல்யாணத்துக்குள் வராது. இன்னும் கொஞ்ச நாள் கொட்டத்தான் செய்யும் என்றாள். எழுந்தபோது, செல்வமேரியின் தோளில் கிடந்த ஒரு நீள நரைமுடியைத் தட்டிவிட்டு, உங்களுக்குமா என்று சிரித்தாள். வயசு, என்றாள் செல்வமேரி.

ஆட்டோவில் ஏறினார்கள். கரோலினின் மனசு பிடிவாதமாக ஒன்றையே சுற்றியது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்? யார் போட்டுக் கொடுத்தது? தீப்தியா? வீட்டுக்கு வந்து, அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்ததும் சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"யார் மம்மி சொன்னாங்க?"

"யாரும் சொல்லல." செல்வமேரி பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தாள். "முருங்கைக்கா போட்டுக் குடுத்தா சக்கையெல்லாம் மூடியிலயே துப்பி மூடிக் கொண்டாருவியே. ஸ்கூல்லயிருந்து அப்படித்தான. எத்தனை ஏச்சு ஏசியிருக்கேன். கிறிஸ்மஸுக்கு முன்னால ஒருநா மூடி சுத்தமா வந்திச்சு. சரி, பிள்ளைக்குப் புத்தி வந்திட்டுன்னு நெனச்சேன். ரெண்டு நா கழிச்சு மறுக்க முருங்கைக்கா போட்டேன். மறுக்கவும் சுத்தமா வந்திச்சு."

தீப்தி கூட்டம் மரியாதையாகச் சக்கையைக் காகிதத்தில் துப்பிக் குப்பையில் போட்டுவிட்டது. அது கரோலினுக்குத் தோன்றவே இல்லை. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றாள்.

"ஜிப் ஏறலன்னதும் ஈனிட்டச் சொன்னது இந்த வாய்தான. பொறவு எந்த வாய வச்சிட்டு சாப்பிடுன்னு சொல்ல?"

செல்வமேரி அடுப்புப் பக்கம் திரும்பினாள். ரவிக்கை முதுகில் இன்னொரு நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. கரோலின் அதை எடுக்கக் கை நீட்டினாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஜாலியில் சுருட்டிச் சுருட்டி எறிந்த அந்த நாலைந்து நரை. தன் தலையில் தேடித் தேடி அகப்படாத நரை. அம்மாவின் கொண்டையைப் பார்த்தாள். எப்போது இத்தனை சின்னதாயிற்று? அந்த வீட்டில் செல்வமேரி எப்போது சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு அவள் பாடு அவளுக்கு. இன்று கொட்டுகிற முடி மூன்று மாதத்துக்கு முந்தின பட்டினிக்குச் சாட்சி என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"நீங்க எப்பயிருந்து மம்மி சாப்பிடல?"

"சும்மா இரி. தபசு காலத்துல ஒருசந்தி பிடிக்காம?"

"தபசு இப்பத்தான மம்மி வந்துச்சு."

செல்வமேரி குழாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு சொன்னாள். "பிள்ள பட்டினியா கெடக்கான்னு தெரிஞ்ச பொறவு எனக்கு எப்படிட்டி எறங்கும்?"

கரோலினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கவுனுக்காக அழவில்லை, முடிக்காகவும் இல்லை. இத்தனை மாதம் தன் தலையைத் தவிர வேறொன்றையும் பார்க்காத தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. செல்வமேரி தேற்றவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. அந்த வீட்டில் அது வழக்கமில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முட்டையைப் போட்டாள். புலால் விலக்கும் சுத்தபோசன வெள்ளிக்கிழமையில், கறி மீன் மட்டுமில்லை, முட்டை நாற்றம்கூட அண்டாத அடுப்பில் முட்டை வெந்தது. உரித்துத் தட்டில் வைத்து மகளின் முன்னால் தள்ளினாள்.

கரோலின் அதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அம்மாவிடம் நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமட்டி" என்றாள் செல்வமேரி.

"நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்."

செல்வமேரி சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தை ஒரு பார்வை பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பாதி முட்டையை வாயில் போட்டாள். பசித்தவள் சாப்பிடுவதைப் போலத்தான் சாப்பிட்டாள். அதைப் பார்க்கக் கரோலினுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரேக் வந்தபோது கரோலின் ஸ்கார்ஃபை அவிழ்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அவன் அவள் தலையைப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, முடி உதிர்ந்த தன் உச்சியைக் குனிந்து காட்டி, "எனக்கும்தான், ரெண்டு வருஷமா" என்றான். அவ்வளவு நாளும் அவள் அதைக் கவனித்ததே இல்லை. சாயங்காலம் செல்வமேரி கத்திரிக்கோலை எடுத்து, ஈனிட்டிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கவுனின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்துப்போட்டாள். இன்பநாதன் பேப்பரை இறக்கிப் பார்த்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை டப்பாவில் முருங்கைக்காய் சாம்பார். தீப்தி கூட்டம் வழக்கம்போலக் கையை நீட்டியது, கரோலின் கொடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து டப்பாவைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். திரும்பி வரும்போது செல்வமேரி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மூடி நிறைய மென்று துப்பிய சக்கை.

"கழுவிக் கொண்டாந்தா கை தேஞ்சா போவும் ஒனக்கு?" என்று ஏசினாள். ஏசிக்கொண்டே இரண்டு தட்டு எடுத்துவைத்து, இரண்டிலும் சோற்றைப் போட்டாள்.