இரண்டு தட்டு தாமதம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று வேறு யாரும் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள், கேட்டுவிட்டு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தும்விட்டாள். கவுண்டர்பாயின்ட்: மேல்நாட்டு இசையில் பல குரல்களைப் பின்னி எழுதும் வித்தை. ஒருவர் பாடத் தொடங்க, அடுத்தவர் கொஞ்சம் பின்னால் அதே மெட்டோடு நுழைய, மூன்றாமவர் இன்னும் பின்னால். துரத்திக்கொண்டே போகலாம், எங்கேயும் முட்டிக்கொள்ளக் கூடாது. எழுத உட்கார்ந்தால் மண்டை காய்ந்துவிடும்.

கடைசி நாளில் ஆளுக்கொரு பாட்டு எழுதிப் பாடிக் காட்ட வேண்டும். தேறினால்தான் மேல்வகுப்பு, அதற்காக அவள் ஒரு வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். பாட ஆட்களை அவரவரே கூட்டி வர வேண்டும். மேல்குரலுக்குத் தங்கை, நடுவில் அவள், கீழ்க்குரலுக்கு வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கனத்த, நல்ல குரல். ஆனால் தெருவில் நடந்தால்கூட அவளுக்குப் பத்தடி பின்னால்தான் வருவார். ஒத்திகையிலும் அதே கதை: காலால் தட்டிக் காட்டினாலும் இரண்டு தட்டு பிந்தித்தான் வாயைத் திறப்பார். திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அவரிடம் மூச்சுவிடாமல், தாளில் அவர் குரலை இரண்டு தட்டு தள்ளி எழுதி, மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றினாள். பாட்டு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

“மாமா தேறிட்டாரே!” என்றாள் தங்கை. அக்கா சிரித்து மழுப்பினாள்.

அந்தக் கடைசி நாளில் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் தாளை எடுத்து, அவர் நுழைய வேண்டிய இடத்தை மறுபடி எண்ணிப் பார்த்தாள். தங்கை தொடங்கினாள், அவள் சேர்ந்தாள். அவர் ஆரம்பத்தில் தனக்குச் சொல்லியிருந்த இடத்தில் மயிரிழை பிசகாமல் நுழைந்தார். அப்புறம் ஒரே முட்டல் மோதல்தான்.

வாத்தியார் தாளைப் பார்த்தார். “கீழ்க்குரல் முந்திடுச்சு. பாடினவங்க தப்புன்னா இன்னொரு தடவை பாடலாம். எழுதினது தப்புன்னா அதுக்கு வழியில்ல.”

“நான் சரியாத்தாங்க வந்தேன்.” அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஒரு வாரமா லிஃப்டுக்குள்ள நின்னு இதையேதான் பழகினேன். இவளையே கேளுங்க.”

அவர்தான் தவறினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் நம்புவார்கள், அவர் உட்பட.

“அவர் வந்தது சரிதான் சார்,” என்றாள். “வரமாட்டார்னு நெனச்சு எழுதினது நான்.”

வாத்தியார் தாளை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பிப் போகும்போது வீட்டுக்காரர் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்தார்.