இடது கை சல்யூட்

எனக்குக் கண் கொஞ்சம் கூர்மை. இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். நாணயச்சாலையில் பதினாறு வருஷமாகப் படம் சரிபார்க்கிற வேலை. புது நாணயம் எதுவானாலும் அதன் படம் என் மேசையைத் தாண்டித்தான் அச்சு வெட்டும் அறைக்குப் போக வேண்டும். ஓரத்துப் புள்ளிகளில் ஒன்று கூடினாலும் லென்ஸை வைத்துப் பிடித்துவிடுவேன். ஆபீஸில் என்னை லென்ஸக்கா என்பார்கள். வீட்டில் என் கணவர் வேறு மாதிரி சொல்வார். "நம்ம கல்யாண ஆல்பத்துலயே ஏழு தப்பு கண்டுபிடிச்சவ நீ. அதுல ஆறு என்னைப் பத்தி."

எங்கள் தொழிலில் எல்லாம் இடம் வலமாக, வலம் இடமாக நடக்கும். அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் நாணயத்தில் அது நேராக விழும். பதினாறு வருஷம் இதையே பார்த்துக்கொண்டிருந்தால், எங்காவது ஒரு படம் திரும்பியிருக்கிறது என்று தோன்றிய உடனே கை பரபரக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பரபரப்புதான் என்னைக் கவிழ்த்தது.

காவல்துறையினரைக் கௌரவிக்க ஒரு நினைவு நாணயம் வெளியிடுவதாக முடிவாகி, படத் தேர்வுக் குழு ஒப்புதல் கொடுத்த படம் எனக்கு வந்தது. தொப்பி போட்ட ஒரு போலீஸ்காரம்மா, பக்கவாட்டு முகம், இடுப்புவரை உருவம். சல்யூட் அடிக்கிறார். நல்ல படம், கழுத்து நரம்புகூடத் தெரிகிறது. ஆனால் நெற்றிக்குப் போயிருந்தது இடது கை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவியர் போட்டோவைத் திருப்பி வைத்து வரைந்திருக்கிறார், குழுவில் அத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்று நினைத்தேன். ஃபைலில் படத்துக்குப் பின்னால் ஓவியரின் கடிதம் ஒன்று இருந்தது. அதை நான் புரட்டவில்லை. படம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு? கம்ப்யூட்டரில் உருவத்தை மட்டும் திருப்பினேன். இடது கை வலது கையாயிற்று. "சிறு திருத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பத்தே நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன். அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் இதை மூன்று பேரிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டதையும் மறைக்கப்போவதில்லை.

அச்சு தயாராகி, ஐயாயிரம் நாணயம் அடித்துப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, படத்தில் இருக்கும் போலீஸ்காரம்மாவையே கூப்பிட்டுக் காட்டலாம் என்று மேலாளர் ஆசைப்பட்டார். அவருக்கு இந்த மாதிரி விஷயங்களில் உற்சாகம் அதிகம். மேசைக்கு நீல விரிப்பெல்லாம் போட்டார்.

அந்த அம்மா சீருடையில் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வெயிலில் நின்று நின்று கறுத்த முகம், ஒரு நாற்சந்தியையே அடக்கி வைத்திருக்கிற குரல். எங்கள் வாசல் காவலர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாராம். மேலாளர் நாணயத்தை நீட்டியதும் இடது கையால் வாங்கினார். நான் என் லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

"முகம் நான்தான்," என்றார். "கை என்னோடது இல்லீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது முழங்கை உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாது.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் நீல விரிப்பைப் பார்த்தேன்.

"பரவாயில்லீங்க," என்று அந்த அம்மாவே எங்களுக்கு ஆறுதல் சொன்னார். "பார்க்க இதுவும் நல்லாத்தான் இருக்கு. நாலு பேர் பார்த்தா போலீஸ்னு தெரியணும், அவ்வளவுதானே." சொல்லிவிட்டு நாணயத்தை மேசையில் வைத்தார். மேலாளர் அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, நினைவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். "வேணாங்க. வெளியீட்டன்னைக்கு வாங்கிக்கறேன்," என்றார். அப்படிச் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, அன்றைக்கு அவர் வரப்போவதில்லை.

வாசல்வரை கூடப் போனேன். சும்மா விட்டிருக்கலாம், என்னால் முடியவில்லை. கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டேன்.

ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் இவர் டிராஃபிக் பார்க்கிற சந்திக்குள் வந்திருக்கிறது. எதிரே ஒரு ஸ்கூட்டரில் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. இவர் ஓடிப்போய் ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டார். அவர்களுக்கு முழங்காலில் சிராய்ப்பு. இவருக்குத் தோள் போயிற்று. "அதெல்லாம் வேலைல நடக்கறதுதாங்க," என்று ஊதித் தள்ளிவிட்டார். அவருக்கு வலித்தது அதற்குப் பிறகு நடந்தது.

"திரும்பி வேலைக்கு வந்தப்ப அணிவகுப்புல எல்லாரும் சல்யூட் அடிக்கறாங்க, நான் மட்டும் கையத் தொங்கப் போட்டு நிக்கறேன். புதுசா வந்த அதிகாரி, மரியாதை தெரியாதான்னு கேட்டுட்டார். எல்லார் முன்னாடியும். அன்னைக்கு ராத்திரி வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு இடது கையால அடிச்சுப் பார்த்தேன். கண்ணாடில பார்த்தா வலது கை மாதிரியே சரியா இருந்துச்சு. அப்பதான் இது போதுமேன்னு தோணுச்சு."

இடது கையால் சல்யூட் அடிக்க அனுமதி கேட்டு எழுதினார். விதியில் இடமில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினார். மூன்று வருஷம். கடைசியில் உத்தரவு வந்தது, அந்தத் துறையிலேயே முதல் உத்தரவு. அதன் நகலைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார். மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "சந்தியில நான் அப்படி சல்யூட் அடிச்சதைப் பார்த்துத்தான் அந்த ஓவியர் வந்து கேட்டார். எதுக்கு நான், அழகா வேற யாரையாவது வரையுங்கன்னேன். கையத்தான் வரையப்போறேன்னார்."

மேலே வந்து ஃபைலைப் புரட்டினேன். படத்துக்கு அடுத்த பக்கத்திலேயே ஓவியரின் கடிதம். முதல் வரியே இப்படித்தான்: "இடது கை தவறல்ல, தயவுசெய்து மாற்ற வேண்டாம்." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் மற்றவர்கள் தப்பைத் தேடினேன், பக்கத்தைத் திருப்ப எனக்குத் தோன்றவில்லை. அவர் மூன்று வருஷம் போராடி வாங்கிய கையை நான் பத்து நிமிஷத்தில் பிடுங்கியிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன்.

மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர். "பத்து நாள்தான் இருக்கு. அந்தம்மாவே பரவாயில்லன்னுட்டாங்க. யாருக்கும் தெரியாது. நீ சும்மா இரு."

"எனக்குத் தெரியுமே, சார்."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? ஃபைல்ல சிறு திருத்தம்னு இருக்கு. உன் வேலைக்கும் நல்லது, என் வேலைக்கும் நல்லது."

அதுதான் விஷயம். எங்கள் நாணயச்சாலையில் ஒரு விதி உண்டு. குழு முத்திரை வைத்த படமும் அடித்த நாணயமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாணயம்கூடக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, உருக்கித்தான் ஆக வேண்டும். கோடு கொஞ்சம் தடிப்பாக்கினால் அது சிறு திருத்தம். ஆளின் கையை மாற்றுவது சிறு திருத்தம் இல்லை. ஆனால் அதை யாராவது எழுத்தில் சொன்னால்தான் விதி விழித்துக்கொள்ளும். சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "எழுதினா வேலை போகுமா?" என்றார்.

"கையெழுத்துப் போடற அதிகாரம் போகும். வேலை போகாதுன்னு நினைக்கறேன்."

"எழுதலைன்னா?"

"தினமும் அந்தம்மா சந்தி வழியாத்தான் பஸ் போகுது."

"அப்ப எழுதிடு. சுத்து வழியா பஸ் கிடையாது," என்றார்.

மறுநாள் காலை எழுதினேன். "முத்திரை வைத்த படத்தில் இருப்பது இடது கை. அதை யாரையும் கேட்காமல், கடிதத்தைப் படிக்காமல், வலது கையாக மாற்றியவள் நான். அடித்த நாணயங்கள் படத்தோடு பொருந்தவில்லை." மேலாளரிடம் கொடுத்தால் அது அவர் டிராயரில் உறங்கிவிடும் என்பதால் நேரே தபால் பிரிவுக்குப் போய்ப் பதிவேட்டில் ஏற்றி எண் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அவர் மேசையில் வைத்தேன். படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, நாலு நாள் யோசிச்சிருக்கக் கூடாதா?"

"நாலு நாள் யோசிச்சா திரும்ப அடிக்க நாள் இருக்காது, சார்."

ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். பிறகு போனை எடுத்து அச்சு அறையைக் கூப்பிட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மறைக்க முடியாது என்று தெரிந்த பிறகு என்னைவிட வேகமாக ஓடினார்.

அச்சு வெட்டும் அண்ணன் என்னை வாயார வைதார். "லென்ஸக்கா, உனக்கு எதுக்கு ரெண்டு கண்ணு? ஒண்ணை எனக்குக் குடு, நான் ராப்பகலா முழிக்கணும்." வைதுகொண்டே வேலை செய்தார். பழைய அச்சைக் குறுக்கே அறுத்துப் போட்டார். ஐயாயிரமும் உலைக்குப் போனபோது நான் பக்கத்திலேயே நின்றேன். நான் அடித்த பெருமையெல்லாம் சேர்ந்து உருகியது. நியாயப்படி எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் புது நாணயம் வந்தது. வெளியீட்டுக்கு அந்த அம்மாவும் வந்தார். வரமாட்டார் என்று பயந்து நானே சந்திக்குப் போய்க் கூப்பிட்டிருந்தேன், சிக்னல் மாறும் இடைவெளிகளில் மன்னிப்பும் கேட்டிருந்தேன். மேடையில் நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். இந்த முறை லென்ஸ் கேட்கவில்லை. உயர் அதிகாரிக்கு இடது கையால் ஒரு சல்யூட் அடித்தார். கூட்டம் எழுந்து நின்றது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

எனக்குத் தண்டனை வந்தது. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது, பொதுமக்கள் கடிதப் பிரிவில் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் வெளியே நிற்க வைத்த மாதிரி, ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல். முதல் வாரத்திலேயே கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. நாணயம் சேர்க்கிறவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சட்டம் தெரிந்தவர்கள். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள்: நாணயத்தில் தப்பு, சல்யூட் அடிப்பது வலது கையால்தான். ஒருத்தர் லென்ஸ் வைத்துப் பார்த்ததாகவே எழுதியிருந்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் லாரியைப் பற்றியும், மூன்று வருஷத்தைப் பற்றியும், உத்தரவைப் பற்றியும் எழுதினேன். அச்சடித்த பதில் அனுப்பலாம் என்றார்கள். நான் கையால்தான் எழுதினேன்.

நாற்பத்தோராவது கடிதம் தப்பைச் சொல்ல வரவில்லை. தூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு போலீஸ்காரர் எழுதியிருந்தார். ஒரு தீ விபத்தில் வலது கை விரல்கள் போய்விட்டன. அன்றிலிருந்து அணிவகுப்பு நாளில் அவரை ஸ்டோர் அறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள், ஆறு வருஷமாக. "நாணயத்தைப் பார்த்தேன். அது தப்பாக அடிக்கப்பட்டதா, உண்மையா? உண்மையென்றால் எனக்கும் அப்படிச் செய்ய வழி உண்டா?"

உடனே அந்த அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். பின்னால் ஹாரன் சத்தம், விசில் சத்தம்.

"உத்தரவோட நகல் ஒண்ணு குடுங்க, இன்னைக்கே அவருக்குத் தபால்ல அனுப்பிடறேன்," என்றேன்.

"தபால் வேணாம். விலாசம் சொல்லுங்க."

"பஸ்ல எட்டு மணி நேரமாகும்."

"ஆகட்டும். நான் கண்ணாடி முன்னாடி தனியா நின்னு கத்துக்கிட்டேங்க. அவர் தனியா நிக்க வேணாம். லீவு போட்டுட்டு வர்றேன்னு எழுதுங்க."

எழுதினேன். எழுதி முடித்து ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தேன். உறையின் மேல் விலாசத்தை மூன்றாவது முறையும் சரிபார்த்துவிட்டு, அன்றைய தபாலிலேயே சேர்த்தேன்.