வடிகால் போல்ட்

மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை காலை, பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் நின்ற பள்ளி வேனின் அடியிலிருந்து இன்ஜின் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

வேன் அவளுடையது, ஓட்டுபவளும் அவளே. திங்கட்கிழமை பள்ளி முற்றத்தில் அந்த ஆயிலில் வழுக்கி ஒரு குழந்தை விழுந்தது. புதன் மதியம் அடியில் குனிந்து பார்ப்பேன், சொட்டினால் வேறு வேன் வரும் என்று பள்ளி மேலாளர் சொல்லிவிட்டார். அவள் கொழுந்தன் லாரி மெக்கானிக், இந்தக் கொட்டகை அவனுடையது. சனிக்கிழமை ஆயில் மாற்றியவன் அவன்தான்.

வேனின் அடியிலிருந்த வடிகால் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தான். மரையில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. உள்ளங்கையை மூடினான். அவள் பார்த்துவிட்டாள்.

"கைய விரி."

விரித்தான்.

"தண்ணிக் குழாய்க்குச் சுத்துறத என் வண்டிக்கு எதுக்குடா சுத்தின?"

"சனிக்கிழமையே மரை போயிடுச்சு அண்ணி. லாரிக்குப் போடுற மாதிரி ஸ்பேனர்ல பைப்ப மாட்டி கடைசியா ஒரு இழுப்பு இழுத்தேன். இது லாரி மாதிரி இரும்பு இல்ல, அலுமினிய ஆயில் சம்ப்புன்னு அப்ப தோணல."

"அப்புறம் தோணுச்சுல்ல? வாய்ல என்ன வச்சிருந்த?"

அவன் பையிலிருந்து சற்றே பருத்த போல்ட் ஒன்றை எடுத்து, உலோகச் சீவல் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள கிரீஸ் பூசினான். "இது தானே மரைய வெட்டிக்கிட்டுப் போகும். கோணலாப் போச்சுன்னா சம்ப்பையே மாத்தணும். இன்னைக்கு ஆகாது."

"தள்ளு. நான் திருகுறேன்."

"உங்களுக்குப் பழக்கமில்ல அண்ணி."

"உனக்குத்தான் ரொம்பப் பழக்கமாச்சே."

சாக்கை விரித்து மல்லாந்து படுத்தாள். அவன் டார்ச்சைப் பிடித்தபடி, "நேரா... கொஞ்சம் இடது" என்றான். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. ஒவ்வொரு முறையும் உலோகம் கிறீச்சிட்டது. பாதியில் ஸ்பேனர் நின்றது. அழுத்தவா கழற்றவா என்று கை கேட்டது.

"வெளிய எடுத்துத் துடைங்க."

துடைத்து மீண்டும் திருகினாள். செம்பு வாஷர் சம்ப்பில் பதிந்தது.

"இன்னும் ஒரே ஒரு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவள் ஸ்பேனரை எடுத்துவிட்டாள்.

புது ஆயில் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்தார்கள். போல்ட்டையே பார்த்தார்கள்.

மதியம் மேலாளர் போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. மாலை அவள் குழந்தைகளை ஏற்றிப் போனாள். அடுத்த முறை ஆயிலை வேறு கொட்டகையில் மாற்றினாள்.