கேமராவுக்கு இந்தப் பக்கம்

மூன்று பேர் என்றால் படத்துக்கு அவ்வளவு அழகு. அப்பா ஒரு நாற்காலி, அம்மா ஒரு நாற்காலி, நடுவில் பெண் சற்றே பின்தள்ளி நின்றால் போதும். பார்க்கிறவர் கண் மூன்று முகத்தையும் சுற்றிக்கொண்டு படத்துக்குள்ளேயே கிடக்கும், வெளியே ஓடாது. இதைக் கோயமுத்தூரில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. மூன்று பேர் சேர்ந்து படமெடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாதாம். மில் முதலாளியானாலும் சரி, மாட்டுத் தரகரானாலும் சரி, இதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த திருமலைசாமி நாயுடுவும் அதே கட்சிதான். ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். அவருடைய ஒரே மகள் கோமளாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஜாம்ஷெட்பூரில் வேலை. பெண் அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் வீட்டோடு ஒரு படம் வேண்டும் என்று ஆளனுப்பினார். பெட்டிக் கேமராவை மடியிலும் அதை நிறுத்துகிற முக்காலியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன்.

வீட்டை ஒட்டிய பட்டறைச் சுவரோரம் வெயில் கூசாத இடமாகப் பார்த்துத் திரை கட்டி, நாற்காலிகளைப் போட்டு முடித்ததும் நாயுடு விரலை மடக்கி எண்ணினார்.

"ஏனுங்க பாய், மூணு பேரு ஆகுதுங்களே?"

"ஆமாங்க. நல்லா இருக்குமுங்க."

"எப்படிங்க நல்லா இருக்கும்? நடுவுல நிக்கறது கல்யாணப் பொண்ணுங்க!"

"அத்தையைக் கூப்பிடுங்க நைனா. நாலாயிரும்," என்றாள் கோமளா.

அத்தை என்றது நாயுடுவின் அக்கா பங்காருவை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். கோமளாவைத் தூக்கி வளர்த்தவர். வெள்ளைச் சேலையோடு கதவோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாயுடு குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்தை ஒட்டி எடுக்கற படம் கண்ணு. அக்காவுக்கே தெரியும், நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

"பந்தல்லயும் அவங்களை முன்னால வரவிடமாட்டீங்க. இதுலயாச்சும் எம்பக்கத்துல நிக்கட்டுமே. ஊட்டை உட்டுப் போனா நான் எப்ப வருவேனோ!"

"நான் எதுக்கு அம்மணி? நீங்க எடுங்க," என்றார் பங்காரு, இருந்த இடத்திலிருந்தே.

கோமளாவின் கண் நிறைந்துவிட்டது. நாலாவது ஆள் தேடுகிற வீட்டில் நாலாவது ஆள் நின்றுகொண்டிருக்கிறார். ஆனால் அவர் கூடாது. "நிக்கட்டுமுங்களே," என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நாயுடு என்னை முறைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சங்கிலி, சங்கிலியின் முனையில் நாய்.

"டைகரும் நம்மூட்டு உருப்படிதானுங்க. இப்ப நாலு ஆச்சு!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். அன்றைக்கு அந்த வீட்டுக்கு அதுதான் பொருத்தம்.

ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடி பிளேட். முதல் பிளேட்டில் நாய் எழுந்து கதவோரம் பங்காருவிடம் ஓடிவிட்டது. இரண்டாவது பிளேட்டில், நாய் மறுபடி ஓடிவிடுமோ என்று நாயுடு சங்கிலியை வெட்டி இழுக்க, நாய் அசையவில்லை, நாயுடுவின் தலை அசைந்துவிட்டது. கைவசம் இருந்தது இன்னும் ஒரே பிளேட். இதற்கென்று நகரத்திலிருந்து வந்திருக்கிறேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அதுவரை வாயைத் திறக்காத நாயுடுவின் மனைவி ராமாமணி, "பங்காரக்கா சொன்னாத்தான் அது உக்காருமுங்க," என்றார்.

நாயுடு யோசித்தார். "கேமராவுக்கு அந்தப் பக்கந்தானே நிக்கப் போறாங்க? அதுல ஒண்ணுமில்ல. வாக்கா."

பங்காரு வந்து என் தோளருகே நின்றார். "டைகர், உக்காரு," என்று ஒரே ஒரு வார்த்தை. நாய் சிலையாக உட்கார்ந்தது. "எல்லாரும் லென்ஸைப் பாருங்க, மூச்சை அடக்கிக்குங்க," என்று சொல்லி ஷட்டரின் ரப்பர் பந்தை அழுத்தினேன். என் கண் முழுவதும் நாயின் வால் மேல்தான்.

இருட்டறையில் கழுவிப் பார்த்தபோது வால் அசையவில்லை. நாயுடு, ராமாமணி, எல்லாம் ஒழுங்கு. ஆனால் நடுவில் நின்ற கோமளா லென்ஸைப் பார்க்கவில்லை. கழுத்து நேராக, முகம் நேராக. கண் மட்டும் படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று சொல்ல முடியாத வாய். என் ஸ்டுடியோவிலிருந்து இப்படி ஒரு கோணல் படம் வெளியே போனதே இல்லை.

கல்யாணம் முடிந்து, பெண் ரயிலேறிப் போன பிறகு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாயுடு பார்த்தார். முகம் சுருங்கிற்று.

"ஏனுங்க பாய், எம்பொண்ணு எங்கீங்க பாக்குறா?"

பொறுத்தது போதும் என்றாகிவிட்டது எனக்கு. "உங்க பொண்ணும் நாயும் ஒரே எடத்தைத்தானுங்க பாக்குது. உங்க அக்காவை நீங்க நிக்கவெச்ச எடத்தை!"

நாயுடு மறுபடி படத்தைப் பார்த்தார். எனக்குக் காபி கொண்டுவந்து வைத்த பங்காருவை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்காவைத் தனியா ஒண்ணு எடுத்து, இதுல கோமளா பக்கத்துல ஒட்டிப்போட முடியுமுங்களா?"

முடியும். வெட்டி ஒட்டி, விளிம்பை மை தொட்டு மறைத்து, மறுபடி ஒரு படமாக எடுக்க வேண்டும். செத்துப்போனவர்களுக்காகக் கேட்பார்கள், செய்து கொடுத்திருக்கிறேன். பத்தடி தள்ளி உயிரோடு நின்ற மனுஷியை நிற்கவிடாமல் செய்துவிட்டு, இப்போது ஒட்டித்தர வேண்டுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, முக்காலியைக் கையோடு கொண்டுபோகாதது நல்லதாய்ப் போயிற்று.

பங்காரு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வேண்டாந் தம்பி," என்றார் நாயுடுவிடம். "அவ பாக்கற எடத்துலதான் நான் நிக்கறேன். என்னைக் கொண்டுபோயி அவ பக்கத்துல வெச்சுப்போட்டா, புள்ள அப்புறம் ஆரைப் பாப்பா?"