மருமகள் புகுந்த வீடு

காட்டுப்பன்றிகளைக் காட்டிக்கொடுக்க ஒரு காட்டுப்பன்றியையே பிடித்து, கழுத்தில் கருவி வைத்த பட்டையை மாட்டி அவிழ்த்துவிட்டிருந்தார் கால்நடை ஆய்வாளர். பெட்டைப் பன்றிக்குத் தனிமை ஆகாது. எங்கே கூட்டம் இருக்கிறதோ அங்கே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அது போகிற வழியெல்லாம் அவருடைய கைபேசியில் சிவப்புப் புள்ளியாக நகரும். புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டால் துப்பாக்கிக்காரர் போவார். பட்டை கட்டியவளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளுவார். இரண்டு நாள் அவள் கத்திக்கொண்டு திரிவாள். மூன்றாம் நாள் அடுத்த கூட்டத்தைத் தேடிக் கிளம்பிவிடுவாள். ஆபீசில் அவளுக்கு மருமகள் என்று பெயர். இவள் புகுந்த வீடு விளங்கிவிடும் என்று துப்பாக்கிக்காரர் வைத்த பெயர். அந்த மனிதருக்குத் தெரிந்த நகைச்சுவை அவ்வளவுதான்.

நோய் இந்த ஒரு வட்டாரத்தில்தான் மிச்சமிருந்தது. பன்றியின் காது நீலம் பாரிக்கும், ஐந்தாம் நாள் பண்ணையே சுருண்டு விழும். மருந்து கிடையாது. காட்டுப்பன்றியின் மூக்கு பட்டுவிட்டால் அந்தப் பண்ணையில் ஒரு குட்டிகூட மிஞ்சக் கூடாது, ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்பது விதி. விதியை எழுதிய குழுவில் ஆய்வாளரும் உட்கார்ந்திருந்தார். வட்டாரத்தில் தப்பி நின்ற ஒரே பண்ணை அவருடைய தங்கையுடையது. நூற்று நாற்பது உருப்படி. புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாக நின்று பெருக்கியது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாவது கூட்டம் வாய்க்காலுக்குப் பின்னால் நாணல் புதரில் முடிந்தது. துப்பாக்கிக்காரர் மருமகளையும் குறிபார்த்தார். "வேலை முடிஞ்சுது சார். இவளையும் சேத்து அனுப்பிரலாம்."

ஆய்வாளர் வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். "இன்னும் ஒரு வாரம் தேடட்டும். அவளுக்கே யாரும் கெடைக்கலைன்னாதான் யாரும் இல்லைன்னு அர்த்தம்," என்றார்.

மருமகள் தேடினாள். புள்ளி ஆற்றங்கரை, சோளக்காடு, கல்குவாரி என்று ஆறு நாள் அலைந்தது, எங்கும் நிற்கவில்லை. இன்னும் ஒரே நாள்தான் என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார். ஏழாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே பார்த்தபோது புள்ளி நின்றிருந்தது. எந்த இடம் என்று பார்த்தவர், வாயிலிருந்த நுரையைத் துப்ப மறந்துபோனார். காட்டில் ஒருவருமே இல்லையென்றால் அவள் வேறெங்கே போவாள்? சின்னப்பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். படித்த மனிதருக்குத் தோன்றவில்லை.

கம்பிவேலிக்கு அடியில் தோண்டி நுழைந்து, தங்கையின் தாய்ப்பன்றிகளோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள் மருமகள். ஒரு குட்டி அவள் கழுத்துப் பட்டையைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

ரத்தத்தை எடுத்துப் பார், முடிவு வரட்டும் என்று தங்கை கெஞ்சினாள். முடிவு வர நாலு நாள் ஆகும். விதி கொடுத்தது ஒரு நாள். சொந்தக்காரிக்கு விதியை வளைத்தால் நாளைக்கு எவனும் மதிக்க மாட்டான் என்றார் அவர். ஊரான் பண்ணைகளில் இதே வசனத்தைச் சொன்னபோது நாக்கு இப்படிக் குழறவில்லை.

"நீ அனுப்பின பன்னிதாண்ணா அது," என்றாள் அவள். அவர் துப்பாக்கிக்காரரை உள்ளே வரச் சொன்னார்.

பன்றிகள் மிரண்டு நாலாபக்கமும் ஓடின. ஆட்கள் கோலோடு துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுத் தீவன வாளியைத் தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு அவை எப்போதும் ஓடிவரும். பத்துப் பத்தாக வந்தன. மத்தியானம் வரை தட்டினாள். கடைசியாக மருமகளும் தீவனம் என்று நம்பி வந்தாள், அவளையும் சுட்டு, விதிப்படி ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். புதைத்த பள்ளத்தை மூடிவிட்டு வண்டி கிளம்பியபோதும் வாளி தங்கையின் கையில்தான் இருந்தது.

நாலாம் நாள் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஆபீசில் எல்லோரும் ஆய்வாளருக்குக் கைகொடுத்தார்கள். அதே நாள்தான் மருமகளின் ரத்த முடிவும் வந்தது. நோய் இல்லை. அவர் மூன்று தடவை படித்துப் பார்த்தார்.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். "ரத்தத்துல என்ன வந்துச்சு?"

காகிதம் மேஜையில் விரித்தபடி கிடந்தது. "நோய் இருந்துச்சும்மா," என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அப்ப சரி. இல்லைன்னு மட்டும் வந்திருந்தா, செத்தாலும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வாண்ணா."

வருவதாகச் சொன்னார்.