எங்கேயும் அனுப்பாத கேமரா

சென்னியப்பன் சேலத்துக்குக் கேமரா வாங்கப் போனதற்குக் காரணம் அவருடைய கட்டைவிரல். புதுச்சத்திரத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யாருக்கும் அந்த விரல் ஒன்றுபோலத்தான் பழகியிருக்கும். மறுநாள் முட்டை விலை போனுக்கு வந்ததும் அதைத் தட்டிப் பண்ணைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தள்ளிவிட வேண்டும். கண் பார்க்க வேண்டியதில்லை, மனசு நினைக்க வேண்டியதில்லை. விரல் தானாகப் போய்விடும்.

அன்றைக்கு அவர் அனுப்ப நினைத்தது முட்டை விலையை அல்ல. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பிரவீனா, நைட்டியோடு, தலைமுடி பறட்டையாகக் கிடக்க, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சின் மேல் குழந்தையும் அதேபோல வாயைப் பிளந்து தூங்கியது. இரண்டும் ஒரே அச்சாக இருந்ததைப் பார்த்த தாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் எடுத்தார். சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் மருமகன் சிவக்குமாருக்கு அனுப்பலாம் என்று தட்டினார். விரலோ வழக்கமான இடத்துக்கே போனது.

தப்பு உடனே தெரிந்துவிட்டது. பதறிப்போய் அழித்தார். அழித்ததிலும் ஒரு தப்பு. தன் போனில் மட்டும் அழித்துவிட்டு, எல்லார் போனிலும் அழிந்துவிட்டது என்று நம்பி, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார் மனுஷர்.

விடிவதற்குள் நாமக்கல், ராசிபுரம், பரமத்தி என்று அத்தனை பண்ணைக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். கோழித் தீவன ஏஜெண்டு ஒருத்தர் கும்பிடு போட்டிருந்தார். 'இந்தக் குரூப்பில் விலை நிலவரம் தவிர வேறெதுவும் போட வேண்டாம்' என்று குரூப் நடத்துகிறவர் கண்டிப்பாக எழுதியிருந்தார். பிரவீனாவுக்குச் சேதி வந்த வழிதான் கொடுமை. கூடப் படித்த ரஞ்சிதா இப்போது ஒரு பண்ணைக்காரர் வீட்டு மருமகள். அவள் போன் போட்டு, "படம் பாத்தேன்டி, நல்லா அசந்து தூங்கியிருக்க," என்று சிரித்தாள்.

பிரவீனா கத்தவில்லை. கத்தியிருந்தால் சென்னியப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அம்மா வசந்தாமணியிடம்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம நான் சங்ககிரிக்குப் போறனுங்கம்மா. அதுவரைக்கும் அப்பாவ போனோட இந்த ரூமுக்குள்ள வர வேண்டாம்னு சொல்லுங்க."

மூன்றாம் மாதம் சீர் செய்து அனுப்ப வேண்டிய பெண். குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. இப்போதே கிளம்பினால் சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று வசந்தாமணி ஒரு பாட்டம் அழுதாள். சென்னியப்பனுக்குச் சம்பந்தி வீடு பெரிசாகத் தெரியவில்லை. மகள் தன் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை. இந்த வருத்தத்தோடு அவள் வாசல் தாண்டிவிட்டால் அப்புறம் பேத்தியை விருந்தாளி மாதிரிதான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த நினைப்பே அவரைப் பயமுறுத்தியது.

படம் எடுக்காமல் இருந்து தொலைக்கலாமே என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு இன்னும் பேத்தி பிறக்கவில்லை என்று அர்த்தம்.

சேலத்தில் அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் மோகன்குமார், "என்ன மாதிரி பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஊட்ல கொழந்தையப் படம் எடுக்கோணுங்க. சாதாரணமா இருந்தாப் போதும்."

மோகன்குமார் கண்ணாடி அலமாரியில் இருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "இது நல்லாருக்கும்ங்க. எடுத்த ஒடனே படம் உங்க போனுக்கு வந்துரும். அங்கிருந்து யாருக்கு வேணும்னாலும் அனுப்பிக்கலாம்."

சென்னியப்பன் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வரக் கூடாதுங்க."

"போனுக்கா?"

"எங்கயுமே போகக் கூடாதுங்க. எடுத்தது அதுக்குள்ளயே கெடக்கோணும்."

மோகன்குமார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இது செய்யும், அது செய்யும் என்று சொல்லியே விற்றுப் பழகிய மனிதர். எதுவும் செய்யாத கேமராவை எப்படிப் புகழ்ந்து விற்பது? உள்ளே போய், அடியில் கிடந்த ஒரு பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். கேமரா ஒரு சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது.

"இதுல வைஃபை இல்லீங்க, புளூடூத் இல்லீங்க. அதனாலயே யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"இதாங்க வேணும்."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. பெண் பார்க்கப் போன இடம் மாதிரி துருவித் துருவிக் கேட்டார். பிளாஷ் குழந்தையின் கண்ணில் அடிக்குமா? நிறுத்திக்கொள்ளலாம். எடுக்கும்போது சத்தம் வருமா? அதையும் நிறுத்தலாம். பிரிண்ட் போட? இங்கேயே கொண்டு வரலாம். கடையிலேயே எடுத்தும் பார்த்தார். முதல் முயற்சியில் மோகன்குமாரின் தலையை வெட்டிவிட்டுச் சட்டைப் பொத்தான்களை மட்டும் எடுத்தார்.

"பட்டனப் பாதி அமுக்குங்க. பச்சைக் கட்டம் வந்ததும் மீதிய அமுக்குங்க."

இந்தத் தடவை நெற்றி விபூதி வரைக்கும் தெளிவாக விழுந்தது. சென்னியப்பன் பணத்தைக் கட்டிவிட்டு நாமக்கல் பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் போனைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, மகளின் அறை வாசலில் நின்றார்.

"போனு எங்கிட்ட இல்ல சாமி. உள்ள வரலாமா?"

பிரவீனா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "கையில என்னதுங்க?"

"கேமரா. இதுக்கு எங்கயும் அனுப்பத் தெரியாது."

அவள் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு அதை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரையில் இருந்த மெனுவை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கடைசிவரை படித்தாள். சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நெசமாவே அனுப்பற வழி ஒன்னும் இல்ல," என்றாள் கடைசியில்.

"நானும் கேட்டுட்டுத்தான் வாங்குனேன்." ஓரடி உள்ளே வந்தார். "அன்னிக்கு அனுப்புனது அப்பறம் சாமி. தூங்கறவள ஒரு வார்த்த கேக்காம எடுத்தேன் பாரு, அதுவே தப்பு. இப்பக் கேக்கறேன். ஒன்னு எடுத்துக்கட்டுமா?"

பிரவீனா குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே நைட்டி. எண்ணெய் வைக்காத அதே பறட்டைத் தலை. சீப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"எடுங்க."

பச்சைக் கட்டம் வருவதற்குள் அமுக்கியதில் முதல் படம் கலங்கிப்போனது. "இன்னொன்னு எடுங்க," என்றாள். இரண்டாவது படத்தில் குழந்தை கொட்டாவி விட்டது, பிரவீனா அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

எங்கேயும் போகாது என்று சொன்னதைக் காப்பாற்றும் வேகத்தில் அவர் கேமராவின் அடிமூடியைத் திறந்தார். தபால்தலை அளவு இருந்த மெமரி கார்டை உருவி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"படமெல்லாம் இதுலதான் இருக்குது. இது உங்கிட்டயே இருக்கட்டும் சாமி. நீ குடுக்கறப்ப எடுக்கறேன்."

பிரவீனா கார்டை எடுத்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் கையில் இருந்த கேமராவில் அதைத் திரும்பச் செருகி மூடியையும் மூடினாள்.

"உள்ளயே இருக்கட்டுங்கப்பா. மூணாம் மாசம் வரைக்கும் எடுக்கோணுமில்ல."