கிளிப்புக்குப் பொன் பூசியவள்

பழைய பேனா விற்கிற அந்தக் கடையில் இரண்டே பேர். முன்னால், சட்டை மடிப்புக் கலையாமல் கொழுந்தன். பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில் அண்ணி. வாய் அவனுடையது, வேலை அவளுடையது. வாங்க வருகிறவர்களுக்கு அந்தப் பின்னறைக் கதவு சாத்தியே இருக்கும். உள்ளே யார் என்று எவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கொழுந்தன் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். விற்கிறவன் என்றைக்குச் சொன்னான்?

இந்தத் தடவை வந்தது ஒரு கறுப்புப் பேனா. மூடியின் கிளிப்பும் அடி வளையமும் தேய்ந்து, பித்தளை பல்லிளித்துக்கொண்டிருந்தது. மூடியை இளஞ்சூட்டில் காட்டி, அதன் தலையைத் திருகிக் கிளிப்பை உருவ வேண்டும். சூடு ஒரு இழை கூடினால் பழைய மூடி நெளிந்துவிடும். அண்ணி மூடியைக் கன்னத்தில் வைத்துத்தான் பதம் பார்ப்பாள். பிறகு வெள்ளையாய் நிக்கல் பூச்சு, அதன் மேல் கரைசலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் பொன் பூச்சு. புதுப் பொன் கண்ணைக் குத்தும். அதற்காகத் துளி செம்பு கலந்து, பழைய சாயலுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

மூடிக்குள் மறைகிற கிளிப்பின் நாக்குக்கு மட்டும் அவள் பொன் பூசுவதில்லை. கழற்றிப் பார்க்கிறவனுக்கு, இதில் ஒருத்தி கை வைத்திருக்கிறாள் என்று தெரியட்டும்.

"அண்ணி, நாக்குக்கும் ஒரு தடவை பூசிடுங்களேன். இன்னைக்கு வர்ற ஆள் கழட்டிப் பாக்கிற ரகம்."

"அதுக்குத்தானே விட்டு வெச்சிருக்கேன்."

"பேக்டரியில போட்ட பூச்சு அப்படியே இருக்குன்னு சொல்லியிருக்கேன் அண்ணி."

"கழுத்து ஒடியக் குனிஞ்சது பேக்டரியா, நானா? அண்ணி செஞ்சதுன்னு சொன்னா உன் வாய் கோணிக்குமா?"

"சொன்னா வாங்க மாட்டான்."

"வாங்காட்டி போகட்டும்."

கொழுந்தன் சிரித்தான். சிரித்தே காரியம் முடித்துக்கொள்கிற பிறவி.

வந்தவருக்குக் கடையில் பேனாப் பைத்தியம் என்று பெயர். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவர் சொன்னது கதவு இடுக்கு வழியாக அண்ணிக்குக் கேட்டது.

"ஆகா, நிறத்தைப் பாருங்க! இப்ப எவன் கையிலயும் இது வராது. செஞ்சவனெல்லாம் செத்துட்டான்."

"ஆமா சார்," என்றான் கொழுந்தன்.

கதவு திறந்தது. "சாகலை. இதோ நிக்கிறேன்."

பைத்தியம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணி பேனாவை வாங்கி உள்ளே போனாள். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். மூடியைச் சூட்டில் காட்டிக் கிளிப்பை உருவி, பொன்னில்லாத நாக்கைக் காட்டினாள்.

"அந்தக் காலத்துலயே இப்படித்தான் விடுவாங்கம்மா," என்றார் அவர். "தங்கம் மிச்சம் பண்ண."

கொழுந்தனுக்குப் போன உயிர் வந்தது. "அதானே சார்! அண்ணி பேனாவைத் துடைச்சு வெப்பாங்க. அதைத்தான் சொல்றாங்க."

துடைத்து வைக்கிறவளாம்! அண்ணிக்கு உச்சியில் ஏறியது. மெருகுச் சக்கரத்தைச் சுழலவிட்டாள்.

"அண்ணி, வேணாம்!"

கிளிப்பை அழுத்தினாள். பொன் போனது. அடியிலிருந்த வெள்ளை போனது. பித்தளை வந்தது. பெற்ற பிள்ளையின் கை சக்கரத்தில் சிக்கியதுபோல அலறினார் பேனாப் பைத்தியம்.

"அசலை அழிச்சிட்டீங்களேம்மா! பாவி!"

"அழிச்சவளே திரும்பப் பூசுவா. உக்காந்து பாருங்க."

நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்காரவில்லை. பார்த்தால் நம்பியாக வேண்டும். நம்பினால் தன் கண் ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பேனாவே வேண்டாம் என்று படியிறங்கிப் போய்விட்டார்.

"இப்ப திருப்திதானே?" என்றான் கொழுந்தன். சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"எங்க திருப்தி? நாளைக்கு இன்னொருத்தன் வந்து, செஞ்சவன் செத்துட்டான்பான். நீயும் ஆமா சாமி போடுவே."

"அதுக்கு என்ன பண்ணணுங்கிறீங்க?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் முன்னாடி வந்து உக்காரப் போறேன். வர்றவன் கண்ணு முன்னாலயே பூசறேன்."

"கரைசல் நெடி தாங்காது அண்ணி! கடைக்குள்ள எவன் வருவான்?"

"மூக்கைப் பொத்திக்கிட்டு வரட்டும். கண்ணு தெறந்திருந்தா போதும்."

"அண்ணன்கிட்ட சொல்றேன் பாருங்க."

"சொல்லேன். அவர்கிட்டயும் பேக்டரிதான் பண்ணுச்சுன்னு சொல்லு."

பேச்சு அவ்வளவுதான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மேசைமேல் இருந்த கரைசல் புட்டிகளை ஒவ்வொன்றாக ஜன்னல் மேடைக்கு மாற்றினாள். சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். தரை கிறீச்சிட்டது. கொழுந்தன் ஓடிப்போய்ப் பின்னறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

அவன் நகரவில்லை. அவள் இழுப்பதை நிறுத்தவும் இல்லை.